ஃப்ரன்ட் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப்: வாசகர் கேள்வி – பதில்

ஹோம் தியேட்டர் ரிசீவரோடு இன்னொரு ஆம்ப் சேர்ப்பது பற்றிக் கேட்டு வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: 7.2 ஏவி ரிசீவர் வைத்திருக்கிறேன். ஃப்ரன்டில் 4 ஓம், 86 டெசிபல் டவர் ஸ்பீக்கர்கள். ஹால் 14-க்கு 18 அடி. சோபா 11 அடி தள்ளி இருக்கிறது. வால்யூமை மைனஸ் 10 வரை ஏற்றினால் சண்டைக் காட்சிகளில் சத்தம் கீச்சென்று காதைக் கிழிக்கிறது. தனி பவர் ஆம்ப் வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: உங்கள் விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் அப்படி இல்லை. நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

86 டெசிபல் என்பது ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளப்பது. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட்ஸ். 4 ஓமில் அதே வோல்டேஜ் 2 வாட்ஸ் இழுக்கும். ஆகவே உங்கள் டவர் 1 வாட்ஸுக்குத் தருவது 83 டெசிபல்தான். 11 அடி தூரத்தில், சுவர்கள் திருப்பித் தருவதையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 7 டெசிபல் குறையும். மைக் வைத்துச் சரியாக அளவெடுத்த ரிசீவரில் வால்யூம் 0 என்பது தியேட்டர் அளவு: நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். மைனஸ் 10 என்றால் 95. அதற்கு ஸ்பீக்கர் அருகில் 102 வேண்டும். 83-இலிருந்து 102-க்குப் போக 19 டெசிபல், அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 80 வாட்ஸ். மைனஸ் 20-இல் கேட்டால் 8 வாட்ஸ் போதும். 0-க்கு ஏற்றினால் 800 வாட்ஸ்!

80 வாட்ஸை 4 ஓமில் தர, உச்சத்தில் 6 ஆம்பியருக்கு மேல் கரன்ட் ஓட வேண்டும். 4 ஓம் என்று எழுதியிருக்கும் டவர்கள் சில ஃப்ரீக்வென்சியில் 3 ஓம் வரை இறங்கும். அப்போது 8 ஆம்பியரைத் தாண்டும். அதே நேரத்தில் சென்டரும் சரவுண்டும் அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் உறிஞ்சுகின்றன. ரிசீவர் பெட்டியில் போடும் வாட்ஸ் பெரும்பாலும் 2 சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. சிலர் 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே சேனல் என்று அளந்து இன்னும் பெரிய எண்ணைப் போடுவார்கள். 5 சேனலும் சேர்ந்து ஓடினால் அந்த எண்ணில் பாதி கிடைத்தாலே பெரிது. டிரான்ஸ்ஃபார்மர் தளர்ந்து வோல்டேஜ் இறங்கும்போது அலையின் தலை வெட்டுப்படுகிறது. காதைக் கிழிக்கும் அந்தக் கீச்சுச் சத்தம் அதுதான்.

ஆனால் பணத்தை எடுக்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள், நான்கும் இலவசம். ஸ்பீக்கர் செட்டப்பில் ஃப்ரன்ட் 'லார்ஜ்' என்று இருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே சப்வூஃபர் பொறுப்பேற்கும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். டவர்தானே, அதை ஏன் ஸ்மால் ஆக்க வேண்டும் என்று தோன்றும். அந்த வார்த்தைக்கும் ஸ்பீக்கரின் உயரத்துக்கும் சம்பந்தமில்லை. அடிபேஸ்தான் அதிக கரன்ட் கேட்பது, அந்தச் சுமை முழுவதும் சப்வூஃபருக்குப் போய்விடும். ஈகோ மோட் இருந்தால் அணையுங்கள். இம்பீடன்ஸ் செட்டிங்கை 4 அல்லது 6 ஓமுக்கு மாற்றியிருந்தால் 8-க்கே திருப்புங்கள். பல ரிசீவர்களில் அது செய்வதெல்லாம் வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துவதுதான். ரிசீவரை டிவி ஷோகேஸில் அடைத்து வைத்திருந்தால் வெளியே எடுத்து, மேலே 10 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

பிறகு ஒரு சோதனை. கீச்சென்று கேட்கும் அதே இடத்தை 5.1-இல் ஒரு முறை, ஸ்டீரியோ மோடில் ஒரு முறை, அதே வால்யூமில் போடுங்கள். ஸ்டீரியோவில் சுத்தமாகவும் 5.1-இல் கரகரப்பாகவும் இருந்தால் ரிசீவரின் பவர் சப்ளை மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். ஆம்ப் வாங்கலாம். குறைந்த வால்யூமிலும் கூசினால் குற்றம் அறையில். டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள ஹாலில் 500 வாட்ஸ் ஆம்ப் போட்டாலும் அந்தக் கூச்சம் போகாது. சோபாவுக்கு முன்னால் ஒரு தடித்த ஜமுக்காளமும் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கனமான திரையும்தான் மருந்து.

வாங்குவதென்றால் 4 ஓமில் 150 முதல் 250 வாட்ஸ் வரை தரும் 2 சேனல் ஆம்ப் உங்களுக்குப் பொருந்தும். 80 வாட்ஸிலிருந்து 100 வாட்ஸுக்குப் போவது வீண், ஒரு டெசிபல்தான் கூடும். இரட்டிப்பாக்கினாலும் 3 டெசிபல்தான். ஃப்ரன்ட் சுமை இறங்கியதால் ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் முழுவதும் சென்டருக்கும் சரவுண்டுக்கும் கிடைப்பது கூடுதல் லாபம். சில நேரம் அதுதான் பெரிய லாபம்.

8 ஓம், 90 டெசிபல் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரை 8 அடியில் வைத்துக் கேட்பவர்களுக்கு இதே மைனஸ் 10-இல் 10 வாட்ஸே போதும். அவர்கள் அந்தப் பணத்தில் இரண்டாவது சப்வூஃபர் வாங்கலாம்.

கேள்வி: என் ரிசீவரின் பின்பக்கம் சப்வூஃபருக்கு மட்டும்தான் ப்ரீ-அவுட் இருக்கிறது. ஆம்ப் சேர்க்க வழி உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: உண்டு, ஆனால் சுற்றுவழி. ப்ரீ-அவுட் என்பது ரிசீவரின் உள் ஆம்புக்குப் போகும் முன்பே சிக்னலை வெளியே தரும் சாக்கெட். ரிசீவரின் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து சிக்னலை எடுத்து, லைன் அளவுக்குக் குறைத்து ஆம்புக்குக் கொடுக்கலாம். கார் ஆடியோ கடைகளில் இதற்கென 'ஹை-லோ கன்வெர்ட்டர்' கிடைக்கும். கையால் செய்வதென்றால் ஒரு சேனலுக்கு இரண்டே ரெசிஸ்டர்: ஸ்பீக்கர் பிளஸ்ஸிலிருந்து 10 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து மைனஸுக்கு 470 ஓம், இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஆர்சிஏவின் (ஆம்பில் செருகும் ஆடியோ கேபிளின் வட்ட பிளக்) நடு முள், ஸ்பீக்கர் மைனஸிலிருந்து அதன் வெளி வளையம். 28 வோல்ட் சுமார் 1.26 வோல்டாக இறங்கும். கால் வாட்ஸ் ரெசிஸ்டர் தாராளம்.

ஆபத்து மைனஸ் பக்கத்தில் இருக்கிறது. ரிசீவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் மைனஸுக்கும் ஏதாவது ஒரு ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டினியுட்டி பாருங்கள். பீப் வந்தால் மைனஸ் பொதுவான கிரவுண்ட், மேலே சொன்னது வேலை செய்யும். வராவிட்டால் அது பிரிட்ஜ் அவுட்புட், மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும். அதில் மைனஸைக் கிரவுண்டில் சேர்த்தால் ரிசீவரின் அவுட்புட் போய்விடும். அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கன்வெர்ட்டர்தான் வேண்டும்.

ஜோன் 2 (வேறு அறைக்கான) ப்ரீ-அவுட்டிலிருந்து எடுக்கலாமே என்று சிலர் யோசிக்கிறார்கள். அதன் வால்யூம் தனி, ரூம் கரெக்‌ஷன் அதற்குப் போகாது, அதில் வருவதும் படத்தின் ஃப்ரன்ட் சேனல் அல்ல, எல்லாம் கலந்த ஸ்டீரியோ. வேண்டாம். நேர்மையாகச் சொன்னால், ரிசீவரை விற்றுவிட்டு எல்லா சேனலுக்கும் ப்ரீ-அவுட் உள்ள ஒன்றுக்கு மாறுவதே நல்லது. டெனானில் எக்ஸ்3800எச் போன்ற 3000 வரிசை மாடல்களில் இது உண்டு. அந்த மாடலில் ஃப்ரன்டுக்கான உள் ஆம்பை மெனுவிலேயே துண்டித்துவிடவும் முடியும்.

கேள்வி: உள்ளங்கை அளவு கிளாஸ்-டி ஆம்ப் ஒன்று, 300 வாட்ஸ் இரண்டு சேனல் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். 32 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வருகிறது. நம்பலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஆம்பை நம்பலாம், எண்ணை நம்ப வேண்டாம். இவற்றில் பெரும்பாலும் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப். அந்த நிறுவனத்தின் டேட்டாஷீட்டிலேயே 315 வாட்ஸ் என்பது 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனில். உங்கள் அடாப்டரோ 32 பெருக்கல் 5, மொத்தம் 160 வாட்ஸ். அதைத்தான் இரண்டு சேனலும் பங்கு போட வேண்டும். 32 வோல்ட் சப்ளையில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக 55 வாட்ஸ் கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் ரிசீவரே அதைத் தருகிறது. 48 வோல்ட் அடாப்டரோடு வாங்கினால் 8 ஓமில் 130 வாட்ஸை எட்டும், அப்போதுதான் பலன் தெரியும். வாங்கும் முன் அந்த ஆம்ப் 48 வோல்ட்டைத் தாங்குமா என்று பாருங்கள். கெபாசிட்டர் 50 வோல்ட்டாக இருந்தால் வேண்டாம், 63 வோல்ட் இருக்க வேண்டும்.

மேடைக் கச்சேரிகளில் பயன்படும் ப்ரோ ஆம்ப் இன்னொரு வழி. க்ரவுன் எக்ஸ்எல்எஸ் 1002-இல் 4 ஓமுக்கு 350 வாட்ஸ், 8 ஓமுக்கு 215 வாட்ஸ். ஆர்சிஏ இன்புட் இருப்பதால் ரிசீவரோடு நேரடியாகச் சேரும். காசுக்கு வாட்ஸ் என்று பார்த்தால் இந்த வகையை அடித்துக்கொள்ள முடியாது. உள்ளே ஃபேன் இருக்கும், இரவில் அமைதியான காட்சியில் அதன் சத்தம் காதில் விழக்கூடும். ஸ்பீக்கான் கனெக்டர் மட்டும் உள்ள மாடலென்றால் ஒயரை 1+, 1− முனைகளில் மாட்ட வேண்டும்.

கேள்வி: வீட்டில் நல்ல ஸ்டீரியோ இன்டகிரேட்டட் ஆம்ப் சும்மா இருக்கிறது. அதையே ஃப்ரன்டுக்குப் பயன்படுத்தலாமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: தாராளமாக. பின்பக்கம் 'மெயின் இன்', 'பவர் ஆம்ப் இன்' அல்லது 'எச்டி பைபாஸ்' (HT, ஹோம் தியேட்டர் என்பதன் சுருக்கம்) என்று ஏதாவது எழுதியிருந்தால் ரிசீவரின் ஃப்ரன்ட் ப்ரீ-அவுட்டை அதில் செருகுங்கள். ஆம்பின் வால்யூம் குமிழ் அப்போது வேலை செய்யாது, எல்லாவற்றையும் ரிசீவரே பார்த்துக்கொள்ளும். பாட்டு கேட்கும்போது ரிசீவரை அணைத்துவிட்டு, ஆம்பை மட்டும் ஸ்டீரியோவாக ஓட்டலாம். ஒரே ஜோடி ஸ்பீக்கர், இரண்டு வேலை.

அந்த இன்புட் இல்லாவிட்டால் ஆக்ஸில் செருகலாம். ஆனால் ஆம்பின் வால்யூம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். குமிழை 12 மணி நிலையில் வைத்து, டோன் கன்ட்ரோல், லவுட்னெஸ் எல்லாம் அணைத்து, மைக் வைத்து அளவெடுங்கள். குமிழுக்கு நேரே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வீட்டில் யாராவது பாட்டுக்காகத் திருகிவிட்டு, மறுநாள் அப்படியே படம் போட்டால் ஃப்ரன்ட் மட்டும் பல டெசிபல் தூக்கிக்கொண்டு பாயும், ட்வீட்டருக்கு ஆபத்து. ஃபோனோ (ரெக்கார்ட் பிளேயருக்கான) இன்புட்டில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செருகாதீர்கள்.

கேள்வி: என் ரிசீவரில் பை-ஆம்ப் வசதி இருக்கிறது. சரவுண்ட் பேக் சேனலையும் ஃப்ரன்டுக்கே கொடுத்தால் பவர் இரட்டிப்பாகாதா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஆகாது. இரண்டு ஆம்பும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில்தான் தொங்குகின்றன. வோல்டேஜ் வரம்பும் அதேதான். ஒயர் செலவு மட்டும் இரட்டிப்பாகும். ஆசைக்குச் செய்து பார்ப்பதென்றால் ஸ்பீக்கர் பின்னால் மேல் ஜோடி டெர்மினலையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் பித்தளைத் தகட்டைக் கட்டாயம் கழற்றுங்கள். அதை விட்டுவிட்டால் இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் நேருக்கு நேர் ஷார்ட் ஆகும்.

கேள்வி: புது பவர் ஆம்பை ப்ரீ-அவுட்டில் மாட்டியதிலிருந்து ஃப்ரன்ட் இரண்டிலும் 'ம்ம்ம்' என்று இடைவிடாத இரைச்சல். ஆம்ப் பழுதா? (வாசகர், வேலூர்)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. எர்த் லூப் என்பதே முதல் சந்தேகம். வரிசையாகப் பாருங்கள்.

எல்லாவற்றையும் அணைத்து, ஆம்பின் பின்னாலிருந்து ஆர்சிஏ இரண்டையும் பிடுங்கிவிட்டு ஆம்பை மட்டும் போடுங்கள். இப்போதும் இரைந்தால்தான் ஆம்பில் கோளாறு. அமைதியாக இருந்தால் அணைத்து, திரும்பச் செருகி, ரிசீவரோடு இணைந்திருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் கழற்ற வேண்டியது டிடிஎச் பெட்டிக்கோ கேபிள் டிவி பெட்டிக்கோ வரும் வட்டக் கேபிள். எச்டிஎம்ஐயை விட்டுவிட்டு அந்த ஸ்க்ரூவைத் திருகிக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. மாடியில் டிஷ் கம்பியோடும் தெருவில் கம்பத்தோடும் அந்தக் கேபிளின் வெளிச்சுற்றுக்கு வேறொரு எர்த் இருக்கிறது. உங்கள் வீட்டு எர்த்துக்கும் அதற்கும் உள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் ஆர்சிஏ கேபிளின் உறை வழியே ஓடி 50 ஹெர்ட்ஸ் ஹம்மாகக் கேட்கிறது. ரிசீவரை மட்டும் வைத்திருந்தபோது கேட்காததற்குக் காரணம், பல ரிசீவர்களுக்கு 2 பின் பிளக்தான், எர்த்தே கிடையாது. 3 பின் ஆம்ப் வந்ததும் வட்டம் பூர்த்தியாகிவிட்டது.

கேபிள் டிவி என்றால் அந்த வட்டக் கேபிளில் போடும் ஐசோலேட்டர் கிடைக்கும். டிடிஎச் கேபிளில் டிஷ்ஷுக்கு வோல்டேஜ் போவதால் சாதாரண ஐசோலேட்டர் அதைத் தடுத்துப் படத்தை நிறுத்திவிடும். அங்கே ப்ரீ-அவுட்டுக்கும் ஆம்புக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆர்சிஏ ஐசோலேட்டரைப் போடுங்கள். மலிவான ஐசோலேட்டர் அடிபேஸில் திணறும், ஆனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் பார்த்துக்கொள்வதால் பெரிய நஷ்டமில்லை. ஆம்பில் எக்ஸ்எல்ஆர் இன்புட் இருந்தால் இன்னும் நல்லது: உறையோடு கூடிய 2 கோர் கேபிளில், ஆர்சிஏவின் நடு முள்ளிலிருந்து 2-ஆம் பின்னுக்கு ஒரு கோர், வெளி வளையத்திலிருந்து 3-ஆம் பின்னுக்கு இன்னொரு கோர், உறை 1-ஆம் பின்னுக்கு. உறையின் மறுமுனையை ஆர்சிஏவின் வெளி வளையத்தில் சேர்த்துவிடுங்கள்.

டிவி, ரிசீவர், ஆம்ப், செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே சுவர் பாயின்டிலிருந்து போகட்டும். எலக்ட்ரீஷியனை வைத்து அந்த பாயின்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைக் கவனிக்க வேண்டும். பழைய வீடுகளில் சாக்கெட்டில் எர்த் ஓட்டை மட்டும் இருக்கும், ஒயர் இருக்காது.

ஆம்பின் எர்த் பின்னை ஒடிப்பதும் டேப் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம். ஹம் நிற்கும்தான். ஆனால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் ஒரு நாள் போனால் ஆம்பின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும். ஆர்சிஏ உறை வழியாக அது ரிசீவர், டிவி என்று எல்லாவற்றுக்கும் பரவும்.

'ம்ம்ம்' என்பதற்குப் பதில் 'ஸ்ர்ர்' என்று கூர்மையாகக் கேட்டு, ஃபேன் ரெகுலேட்டரைத் திருகும்போது அது மாறினால் எர்த் லூப் அல்ல, ரெகுலேட்டர் அல்லது எல்இடி டிரைவர் கிளப்பும் இரைச்சல். ஆர்சிஏ கேபிளைப் பவர் ஒயர்களிலிருந்து விலக்குங்கள். விலக்க முடியாத இடத்தில் இரண்டும் குறுக்காகக் கடக்கட்டும், அருகருகே சேர்ந்து ஓடக் கூடாது.

கேள்வி: ஆம்ப் சேர்த்த பிறகு மறுபடி மைக் வைத்து அளந்தேன். ஃப்ரன்ட் இரண்டும் மைனஸ் 12 என்று காட்டுகிறது. சென்டர் மைனஸ் 2. ஃப்ரன்ட் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கிறது. ஏன்? (வாசகர், சேலம்)

பதில்: மறுபடி அளந்தது சரி, பலர் அதையே செய்வதில்லை. பிரச்சினை அந்த 12-இல் இருக்கிறது. உங்கள் ரிசீவரின் ட்ரிம் (ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் தனியே கூட்டிக் குறைக்கும் செட்டிங்) வரம்பே மைனஸ் 12 என்றால் அதற்குக் கீழே இறங்க முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது. உண்மையில் தேவைப்பட்டது மைனஸ் 15 ஆகவும் இருக்கலாம்.

காரணம் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்பது. ரிசீவரின் உள் ஆம்ப் பொதுவாக 28, 29 டெசிபல் சுற்றி இருக்கும். 29 டெசிபல் என்றால் 1 வோல்ட் உள்ளே போனால் 28 வோல்ட் வெளியே வரும், 8 ஓமில் 100 வாட்ஸ். ப்ரோ ஆம்புகள் பலவற்றில் கெயின் இதைவிட அதிகம். இன்புட் சென்ஸிட்டிவிட்டி 0.775 வோல்ட், 1.4 வோல்ட் என்று மாற்றும் வசதி இருந்தால் 1.4-இல் வையுங்கள், 5 டெசிபல் குறையும். போதாவிட்டால் முன்பக்கக் குமிழ் இரண்டையும் ஒரே அளவு இறக்குங்கள். குமிழே இல்லாத ஆம்ப் என்றால் 6 அல்லது 10 டெசிபல் ஆர்சிஏ அட்டெனுவேட்டர் ஒரு ஜோடி போதும். ட்ரிம் மைனஸ் 6-க்கும் பிளஸ் 3-க்கும் நடுவே எங்கே நின்றாலும் கவலையில்லை. கெயின் இறங்கியதும் ட்வீட்டரில் காதை வைத்தால் கேட்கும் 'ஸ்ஸ்' சத்தமும் இறங்கும். பவர் குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். குமிழ் கெயினைத்தான் மாற்றுகிறது, ஆம்பின் உச்ச வாட்ஸ் அப்படியே இருக்கும்.

அளவெடுக்கும்போது ஃபேன், ஏசி இரண்டையும் அணையுங்கள். மைக்கைச் சோபா முதுகில் சாய்க்காமல் ஸ்டாண்டில், காது உயரத்தில் வையுங்கள். இடது வலது ட்ரிம்மில் 2 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டு குமிழும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'ஃபேஸ்' தவறு என்று ரிசீவர் சொன்னால் ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, அதன் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் தொட்டால் பேஸ் கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் எங்கோ ஒயர் மாறியிருக்கிறது.

கேள்வி: எல்எம்3886 ஐசி வைத்து நானே 2 சேனல் ஆம்ப் செய்யப் போகிறேன். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் சரியா? (வாசகர், மதுரை)

பதில்: ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் சரி. 24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் ரெக்டிஃபை செய்தபின் சுமார் ±33 வோல்ட் கிடைக்கும், சேனலுக்கு 50 வாட்ஸ் அளவில் வரும். 4 ஓம் என்றால் 18-0-18-க்கு இறங்குங்கள். இல்லாவிட்டால் ஐசிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் குறுக்கிட்டு, பேஸ் அடிக்கும்போதெல்லாம் பட்பட்டென்று வெட்டும். ஒவ்வொரு ரெயிலுக்கும் (பிளஸ், மைனஸ் சப்ளை இரண்டுக்கும்) 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். கெயின் ரெசிஸ்டர் 20 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் போட்டால் 21 மடங்கு, சுமார் 26 டெசிபல். ரிசீவரோடு நன்றாக ஒத்துப்போகும்.

வழக்கமாக இடறும் இடங்கள்: 8-ஆம் பின் மியூட். அதை ரெசிஸ்டர் வழியாக நெகட்டிவ் ரெயிலுக்குக் கொண்டுபோகாமல் தொங்கவிட்டால் சத்தமே வராது. ஐசி போய்விட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு. 'டி' வகையில் முதுகு உலோகம் நெகட்டிவ் ரெயிலோடு சேர்ந்தது, மைகா வைக்காமல் ஹீட் சிங்கில் திருகினால் ஷார்ட். 'டிஎஃப்' வகைக்கு மைகா தேவையில்லை. ரிச்சி தெருவிலானாலும் ஆன்லைனிலானாலும் பாதி விலைக்கு எல்எம்3886 கிடைத்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை பவர் போடும்போது 60 வாட்ஸ் குண்டு பல்பைச் சீரியஸில் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நலம், எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள். ஸ்பீக்கர் மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி வோல்டேஜ் பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ரிலே உள்ள ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு இல்லாமல் விலையுயர்ந்த டவரில் மாட்டாதீர்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் ஒயர் எவ்வளவு தடிமன் வேண்டும்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 2.5 சதுர மி.மீ. செம்பு. 10 மீட்டர் ஓட்டத்தில், போகவர 20 மீட்டருக்கு, ரெசிஸ்டன்ஸ் 0.14 ஓம்தான். அதே தூரத்துக்கு 0.75 சதுர மி.மீ. போட்டால் 0.46 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் மல்டி-ஸ்ட்ராண்ட் வீட்டு ஒயர், சிவப்பும் கறுப்புமாக எடுத்து லேசாக முறுக்கினால் போதும். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆம்ப் போட்டபின் பாட்டு பிரமாதம். ஆனால் படத்தில் வசனம் இன்னும் தெளிவில்லை. (வாசகி, சென்னை)

பதில்: 5.1 படத்தில் வசனம் பெரும்பாலும் சென்டரிலிருந்து வருகிறது. நீங்கள் ஆம்ப் போட்டது ஃப்ரன்டுக்கு. சென்டர் ஸ்பீக்கரை ஷெல்ஃபின் விளிம்புவரை முன்னால் இழுங்கள், முன்பக்க அடியில் ரப்பரோ மரத்துண்டோ வைத்து, ஸ்பீக்கர் முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி சாயுங்கள். சென்டர் ட்ரிம்மை 2 டெசிபல் ஏற்றுங்கள். டீப்பாயின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியும் வசனத்தைக் குழப்பும், மேலே ஒரு துணி விரித்துப் பாருங்கள். வாங்கியது 3 சேனல் ஆம்ப் என்றால் மூன்றாவதைச் சென்டருக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: ஆம்பை ஆன் செய்யும்போது சில நாள் எம்சிபி விழுகிறது. கரன்ட் போனால் இன்வெர்ட்டரிலும் ஓட்டலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: பெரிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும் கணத்தில் பல மடங்கு கரன்ட் இழுக்கும். சைன் அலையின் எந்த இடத்தில் ஸ்விட்ச் விழுகிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும், அதனால்தான் சில நாள் மட்டும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி பி வகை எம்சிபிக்குப் பதிலாக அதே ஆம்பியரில் சி வகை போடச் சொல்லுங்கள். ஆம்பியரைக் கூட்டாதீர்கள், ஒயர் தாங்காது. ரிசீவர் முதலில், ஆம்ப் கடைசியில் ஆன். அணைக்கும்போது ஆம்ப் முதலில். ரிசீவரில் 12 வோல்ட் டிரிகர் இருந்தால் 3.5 மி.மீ. மோனோ கேபிள் ஒன்று இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் மிதமான சத்தத்தில் ஓட்டலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் தம்பி 120 வோல்ட் பவர் ஆம்ப் ஒன்று கொண்டுவந்தான். இங்கே ஓடுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பிளக்கை மாட்டும் முன் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 115/230 ஸ்விட்ச் இருந்தால் 230-க்குத் தள்ளி, ஃப்யூஸை அந்தத் தகட்டில் 230-க்கு எழுதியிருக்கும் மதிப்புக்கு மாற்றுங்கள். வெறும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் உள்ள வாட்ஸுக்கு ஒன்றரை மடங்கு விஏ, எர்த் தொடர்ச்சி உள்ளதாக வாங்குங்கள். ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டிக்கென்று விற்கும் குட்டி எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் கூடாது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டு மேல்மூடியில் கை வைத்துப் பாருங்கள். கை தாங்கவில்லை என்றால் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.